இருவர் அடுக்களையில் மிஞ்சும் சோறும் கறியும்

கல்யாணமான புதிதில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு எடுத்து நானும் கணவரும் குடியேறியபோது, எனக்குக் கைவந்திருந்த அளவுகள் எல்லாம் தக்கலையில் ஏழு பேர் உண்ணும் வீட்டின் அளவுகளாக இருந்தன. அரிசியை நாழியால் அளந்துதான் பழக்கம். தேங்காய் உடைத்தால் இரண்டு மூடியையும் துருவித்தான் பழக்கம். சாளை மீன் வாங்கினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும் என்று கணக்கிட்டு வாங்கித்தான் பழக்கம். கணவரோ கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைக்காரர். காலையில் குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர். இப்படிப்பட்ட வீட்டில் ஏதேனும் ஒன்று மிஞ்சாத நாள் கிடையாது. முதல் மூன்று மாதங்களில் நாங்கள் தென்னந்தடத்தில் கொட்டியதை எண்ணினால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரய அறிக்கை, இந்திய வீடுகளில் ஆண்டுக்கு ஒருவருக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. அப்படியானால் இருவருக்கு 110 கிலோ. எங்கள் முதல் ஆண்டுக் கணக்கு அதைவிடக் குறைவு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மிஞ்சியதை என்ன செய்யலாம் என்று மறுநாள் காலையில் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் நாங்கள் செய்த தவறு. அதற்குள் காலம் கடந்திருக்கும். எந்தக் கறி தங்கும், எது தங்காது, சோற்றில் எவ்வளவு பழஞ்சிக்கு (இரவில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடும் பழைய சோற்றுக்கு), எவ்வளவு ஃபிரிட்ஜுக்கு என்பவற்றை அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் தீர்மானித்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் முறைகள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றியே அமைந்தவை.

முதலில் அளவு. 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் தலை தட்டிய ஒரு டம்ளர் சம்பா அரிசி, இருவருக்கு ஒரு நேரத்துக்குப் போதுமானது. அது வெந்தால் ஏறத்தாழ மூன்று மடங்காகும். மறுநாள் பழஞ்சி வேண்டும் என்றால் ஒன்றரை டம்ளர் போடலாம். மிஞ்ச வைப்பது வேறு, மிஞ்சிவிடுவது வேறு என்ற வேறுபாடு மனத்தில் தெளிவாக இருந்தால், வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கறிக்கு என் கணக்கு எளிமையானது: தேங்காய் அரைத்த கறியை ஒரு வேளைக்கு மட்டும் வைக்க வேண்டும், புளிக்கறியை இரண்டு நாளைக்கு வைக்கலாம், தேங்காய் சேர்த்த பொரியலான துவரனைத் தட்டில் பரிமாறி முடியும் அளவுக்கே செய்ய வேண்டும், ஏனென்றால் பழைய துவரனைப் போல உற்சாகத்தைக் கெடுக்கும் பண்டம் வேறில்லை.

என் மாமி இதை ஒரே வரியில் சொல்லித் தந்தார்: “மக்களே, தேங்காய் அரச்ச கறிய விடிய வைக்காத, புளிக்கறிய வை.” அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் நேரடியானது. பச்சைத் தேங்காயில் நீரும் கொழுப்பும் இனிப்பும் சேர்ந்திருப்பதால் நுண்ணுயிர்கள் அதில் விரைவாகப் பெருகும். எங்கள் ஊரின் ஈரக்காற்றில், அதுவும் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டத்தில், மதியம் வைத்த அவியல் இரவுக்குள் நூல் விடத் தொடங்கிவிடும். புளியும் கொடம்புளியும் கறியின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன. தேங்காயைக் கரும்பழுப்பாக வறுத்து அரைக்கும் தீயல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்; வறுக்கும்போது தேங்காயின் ஈரம் போய்விடுவதும், பின்னர் புளி சேர்வதும் அதற்குக் காரணம்.

சோற்றைக் கையாளும் முறை

மிஞ்சியவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது சோறுதான் என்பதைப் பலர் நம்புவதில்லை. மீனைப் பற்றி அஞ்சுகிறவர்கள் சோற்றைப் பற்றி அஞ்சுவதில்லை. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதன் ஒரு வகை, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, “சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கை சோற்று விஷயத்தில் செல்லாது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரமே எல்லை.

வடித்த சோற்றைப் பானையிலேயே மூடி வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் பிடிக்கும். சாப்பிட்டு எழுந்தவுடன் மிச்சச் சோற்றை ஓர் அகலமான தாம்பாளத்தில் விரித்து, மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் வைத்தால் ஆறிவிடும். ஆறியதும் ஆழம் குறைந்த டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் சோற்றை விரிப்பது கணவரின் வேலை. நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அது ஆறியிருக்கும். ஆரம்பத்தில் அவர் தாம்பாளத்தை விரித்து வைத்துவிட்டுச் செய்தி பார்க்கப் போய் மறந்துவிடுவார். இப்போது கைப்பேசியில் மணி வைத்துக்கொள்கிறார். இது சிறு விஷயம்தான், ஆனால் இதற்காக நாங்கள் போட்ட சண்டை சிறியதல்ல.

ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப் போவதைக் கண்டு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். வெந்தபோது நெகிழ்ந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகுவதால் அப்படி ஆகிறது. இந்த விறைப்பே தாளித்த சோற்றுக்கு நல்லது. பருக்கை பருக்கையாக உதிரும். வாணலியில் போடும் முன்பே கட்டிகளை விரலால் உதிர்த்துவிட வேண்டும், கரண்டியால் உடைத்தால் கூழாகிவிடும். இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, வத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, எட்டுப் பத்துச் சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பொடித்த நல்லமிளகு அரைக் கரண்டி சேர்த்து, சோற்றைப் போட்டு ஆவி பறக்கும் வரை பெரிய தீயில் கிளற வேண்டும். முட்டை உண்கிறவர்கள் சோறு போடும் முன் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறலாம். காலை ரயிலுக்கு ஓடுகிறவருக்குப் பத்து நிமிடத்தில் மதிய டப்பா தயாராகிவிடும். வெறும் சோறாகவே வேண்டும் என்றால், கையால் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். இறுகிய மாவுச்சத்து மறுபடி நெகிழ்ந்து, சோறு புதிதாக வடித்தது போலாகும்.

பழஞ்சி

சோற்றை வெளியே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பழஞ்சியைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். இரண்டும் ஒன்றல்ல. தண்ணீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீரைப் புளிக்கச் செய்கின்றன. அந்தப் புளிப்பே கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கிறது. ஆனால் அது ஒழுங்காக நடப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. பழஞ்சிக்கு எடுக்கும் சோறு அன்றிரவு வடித்ததாக இருக்க வேண்டும். காலையில் வடித்து மாலை வரை மூடிக் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றுவது பழஞ்சி ஆகாது, அது கெட்ட சோற்றுக்குத் தண்ணீர் காட்டுவதாகும். எச்சில் கையோ, கறி தொட்ட கரண்டியோ பட்ட சோற்றையும் இதற்கு எடுக்கக் கூடாது. கணவர் தட்டில் மிஞ்சியதை அன்பு மிகுதியால் பானையில் திருப்பிப் போட்டு நான் ஒரு பானைப் பழஞ்சியைக் கெடுத்ததுண்டு.

ஆறிய சோற்றை மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி, அடுப்பின் சூடு படாத மூலையில் வைக்க வேண்டும். உப்பு இப்போது வேண்டாம். எட்டு முதல் பத்து மணி நேரத்தில் மெல்லிய புளிப்பு வாசனை வரும். காலையில் உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, நசுக்கிய சின்ன வெங்காயமும் காந்தாரி மிளகாயும் ஒரு கரண்டித் தயிரும் சேர்த்துக் குடிக்கலாம். சிவப்புச் சம்பா அரிசியின் தவிடு முழுவதும் போயிராததால் பருக்கை குழையாமல் நிற்கும். பொன்னியில் செய்தால் கஞ்சியாகக் கரைந்துவிடும். புளிப்பைத் தாண்டி அழுகல் வாடை வந்தாலும், தண்ணீர் வழுவழுப்பாக நூலிழுத்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரமே போதும். மறுபகல் வரை இழுத்தடிக்கக் கூடாது.

இரவில் மிஞ்சிய சோறு கொஞ்சமாக, ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால் ஆப்பத்துக்குப் பயன்படுத்தலாம். நான்கு மணி நேரம் ஊறிய 2 டம்ளர் பச்சரிசிக்கு அரை டம்ளர் சோறும் ஒரு டம்ளர் தேங்காய்த் துருவலும் சேர்த்து நைசாக அரைத்து, கால் கரண்டி ஈஸ்ட்டும் ஒரு கரண்டி சீனியும் கலந்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். எங்கள் பாட்டி காலத்தில் ஈஸ்ட்டுக்குப் பதில் கள் ஊற்றினார்கள். ஆப்பத்தின் நடுவில் வரும் மெத்தென்ற பாகத்துக்குச் சோறும் ஒரு காரணம்; ஆகவே இது மிச்சத்தைத் தீர்க்கும் உபாயம் என்பதைவிட, ஆப்பத்துக்கு வேண்டிய பொருள் தானே மிஞ்சிக் கிடைப்பது என்று சொல்வதே பொருத்தம்.

பழங்கறி

எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு மறுநாள் விருந்தைவிட அதிகம் எதிர்பார்க்கப்படுவது பழங்கறி. முந்தைய நாள் சாம்பார், அவியல், எரிசேரி, தீயல், துவரன் எல்லாவற்றையும் ஒரே உருளியில் கொட்டிச் சுண்ட வைத்த அந்தக் கறியின் சுவையை எந்தச் சமையல்காரராலும் முதல் நாளிலேயே கொண்டுவர முடியாது. திருநெல்வேலிப் பக்கத்தில் சுண்டக்கறி என்பார்கள். உருளி இல்லாத இருவர் வீட்டிலும் இதைச் செய்யலாம், ஆனால் அதற்கும் முன்னிரவில் திட்டமிட வேண்டும்: ஒவ்வொரு கறியும் அன்றன்றே ஆறி, ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். மேசையில் இரவெல்லாம் கிடந்த அவியலைச் சுண்ட வைப்பதால் அது நல்லதாகிவிடாது.

நாங்கள் சனிக்கிழமை இரவைப் பழங்கறிக்கு ஒதுக்கியிருக்கிறோம். வியாழன் சாம்பார் ஒரு கிண்ணம், வெள்ளிப் புளிக்கறி அரைக் கிண்ணம், இரண்டு துவரனின் மிச்சம், அன்று மதியத்து அவியல் என்று சேர்ந்தால் இருவருக்குத் தாராளம். மண்சட்டியில் முதலில் சாம்பாரையும் புளிக்கறியையும் ஊற்றி நன்கு கொதிக்க விட வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, கீறிய பச்சை மிளகாய் இரண்டைப் போட்டு, அது குறுகத் தொடங்கியதும் கெட்டியான காய்க்கறிகளைச் சேர்க்க வேண்டும். பிறகு தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் அவ்வப்போது கிளறி, அரை மணி நேரம் பொறுத்திருந்தால் காய்கள் உருத் தெரியாமல் மசிந்து, நிறம் கறுத்து, ஓரத்தில் எண்ணெய் கசியும். இறக்கும்போது ஒரு கரண்டிப் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போதும். உப்பை மட்டும் கடைசியில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கறியிலும் ஏற்கெனவே இருக்கும் உப்பு சுண்டச் சுண்டக் கூடும்.

மோர் சேர்த்த புளிசேரியை இதில் சேர்க்கக் கூடாது; மோர் திரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். பாவைக்காய் சேர்ந்தால் சட்டி முழுவதும் கசக்கும். மீன் கறியை இதில் கலக்கலாமா என்று கணவர் ஒருமுறை கேட்டார். அவருடைய அம்மாவே தொலைபேசியில் அவரைக் கடிந்துகொண்டதால் எனக்கு வேலை மிச்சமாயிற்று. பழங்கறியோடு சுடுசோறு சேராது. முந்தைய நாள் சோறோ பழஞ்சியோதான் அதற்கு இணை.

மீனும் கிழங்கும்

கொடம்புளி போட்ட மீன் கறி மறுநாள்தான் ருசிக்கும் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வாங்கும் நேரத்தைப் பற்றி. தேங்காப்பட்டினத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் காலையில் வரும் மீன், மாலை வேலை முடிந்து போகும் என்னைப் போன்றவர்களுக்குப் பனிக்கட்டி உருகிய நிலையில்தான் கிடைக்கும். அயிலை, சூரை, சாளை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அதைச் சமைப்பதாலும் அகற்ற முடியாது, முகம் சிவந்து தடிப்பு உண்டாகும். செவுள் மங்கிய மீனை மலிவென்று வாங்கி இரண்டு நாளைக்குக் கறி வைப்பதைவிட, அன்று பருப்போடு முடித்துக்கொள்வது மேல்.

நல்ல மீனாக இருந்தால், தேங்காய் அரைக்காமல் மிளகாய், மல்லி, கொடம்புளி மட்டும் போட்டு வைத்த கறியை இரவு ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்து நன்றாகக் கொதிக்க விட்டு உண்ணலாம். கரண்டி போடக் கூடாது. சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் மீன் உடையாது. தேவையான அளவை மட்டும் சிறு சட்டியில் எடுத்துச் சூடாக்க வேண்டும்; முழுச் சட்டியையும் தினம் எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைப்பது மீனையும் கெடுக்கும், நம்மையும் கெடுக்கும். புளிப்புக் கறிகளை அலுமினியப் பாத்திரத்தில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும், புளி அலுமினியத்தை அரிக்கும். பொரித்த மீன் மிஞ்சினால், முள் நீக்கி உதிர்த்து, வெங்காயமும் தேங்காய்த் துருவலும் வதக்கிக் கலந்தால் துவரனாகிவிடும்.

கணவர் வீட்டில் கப்பை என்றும் எங்கள் வீட்டில் மரச்சீனி என்றும் சொல்லப்படும் கிழங்கு, இரண்டு வீட்டாரும் சண்டையின்றி ஒப்புக்கொள்ளும் ஒரே உணவு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார் என்பதால், 1949 வரை அந்த நாட்டோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த எங்கள் மாவட்டத்திலும் அது ஊறிப்போயிருக்கிறது. பச்சைக் கிழங்கு பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கெடத் தொடங்கும். ஆகவே இரண்டு கிலோ வாங்கிவிட்டால் அன்றே முழுவதையும் தோலுரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். சயனைடு தரும் பொருள் கிழங்கில் இருப்பதால் இந்தத் தண்ணீரை மிச்சம் பிடிக்க முயலக் கூடாது. வடித்த துண்டுகளில் பாதியைத் தேங்காய் அரைத்து மசித்து அன்றே தின்றுவிடலாம். மீதியை எதுவும் சேர்க்காமல் டப்பாவில் இட்டு உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள். எடுத்த துண்டுகளை ஆவியில் மென்மையாக்கி, கடுகும் வத்தல் மிளகாயும் நசுக்கிய உள்ளியும் தாளித்துப் புரட்டினால், மாலையில் பசியோடு வருகிறவருக்குக் பால் விடாத கட்டன்சாயாவுடன் வைக்க அதைவிட நல்லது எதுவுமில்லை.

புட்டு மிஞ்சினால், மாலைக்குள் மணல் போலாகிவிடும். அதை உதிர்த்து, உப்பும் சர்க்கரையும் சேராத தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஆவியில் ஏற்றலாம். இட்லி மாவு நான்காம் நாள் புளித்தால் ஊத்தப்பம். இடியாப்பம் மிஞ்சினால் எலுமிச்சைச் சேவை. இவற்றை எல்லோரும் அறிவார்கள்.

தேங்காய் மூடி

இருவருக்கு ஒரு நேரக் கறிக்கு அரை மூடிக்கு மேல் தேவைப்படாது. மீதியை உடைத்தபடியே ஃபிரிட்ஜின் கதவில் வைத்து, மூன்றாம் நாள் வழுக்கிய மூடியை எடுத்து மோந்து பார்ப்பது இளந்தம்பதியர் வீடுகளில் பொதுவான காட்சி. தேங்காய் உடைத்த அன்றே முழுவதையும் துருவி, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகச் சிறு டப்பாக்களில் உறைபெட்டியில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு நாளான துருவல் கையில் இருந்தால் தீயல் பொடிக்கு வறுத்துவிடலாம்: ஒரு டம்ளர் துருவலுக்கு ஆறு வத்தல் மிளகாய், ஒரு கரண்டி மல்லி, அரைக் கரண்டி நல்லமிளகு, ஐந்தாறு சின்ன வெங்காயம். சிறு தீயில், கையெடுக்காமல், காப்பிக்கொட்டை நிறம் வரும் வரை கிளற வேண்டும். பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். ஆறியதும் அரைத்துக் காற்றுப் புகாத புட்டியில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். அவசர நாளில் இரண்டு கத்தரிக்காயும் புளித்தண்ணீரும் இருந்தால் கால் மணியில் தீயல்.

ஃபிரிட்ஜை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. நான் அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவை இஞ்சிக்கறியும் கடிமாங்காயும் கருவாடும்தான். மின்சாரம் போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் காக்கும். அதற்கு மேல் போனால் சோறு, தேங்காய்க்கறி, மீன் ஆகியவற்றைப் பற்றி ஆசை கொள்ளக் கூடாது.

வீட்டு ஏற்பாடு

இருவர் பழகும் ஃபிரிட்ஜில், ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரும்பாலான விரயத்துக்குக் காரணம். நாங்கள் மேல்தட்டின் இடப்பக்கத்தை முதலில் தீர்க்க வேண்டியவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒட்டும் காகிதத்தில் கறியின் பெயரும் நாளும் எழுதி டப்பாவில் ஒட்டிவிடுவோம். வேகவைத்த பயறும் புளிக்கறியும் மூன்று நாள், சோறு ஒரு நாள், தேங்காய்க்கறி மறுவேளை. தேதி கடந்ததைக் கொட்டும் அதிகாரம் இருவருக்கும் உண்டு, விளக்கம் கேட்கும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லை. இந்த விதி வந்தபின் சண்டை குறைந்தது. கணவருக்கு ஒரு கெட்ட பழக்கம்: பெரிய பாத்திரத்தில் ஒரே ஒரு கரண்டிக் கறியை மிச்சம் வைத்து, அப்படியே உள்ளே தள்ளிவிடுவார், பாத்திரம் கழுவும் பொறுப்பிலிருந்து தப்புவதற்காக. அதற்கு நான் இன்னும் விதி கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் ஒன்று உண்டு, வாரக் கடைசியில் களியக்காவிளைச் சந்தைக்குப் போனால், வீட்டில் இருப்பதை மறந்து மறுபடியும் முருங்கைக்காய் வாங்கி வருவேன். இப்போது புறப்படும் முன் ஃபிரிட்ஜைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போகிறேன்.

ஆனால் உண்மையில் எங்கள் வீட்டில் அதிகம் மிஞ்சுவது நாங்கள் சமைத்தது அல்ல. ஞாயிறுதோறும் தக்கலையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் வரும் தூக்குவாளிகளே. இரண்டு அம்மாமாரும் இருவருக்கென்று அனுப்புவது ஐவருக்குப் போதும். வேண்டாம் என்று சொல்வது உறவுக்கு நல்லதல்ல. எல்லாவற்றையும் அன்றே தின்ன முயல்வது வயிற்றுக்கு நல்லதல்ல. பாத்திரம் வந்து இறங்கியதும், சாப்பிட உட்காரும் முன்பே, தேங்காய்க்கறியை அன்றைக்கு என்றும், புளிக்கறியை அடுத்த மூன்று நாளைக்கு என்றும் பிரித்து, பாதியைப் பக்கத்து வீட்டுச் சேச்சிக்குக் கொடுத்துவிடுவோம். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது மரியாதை ஆகாது. உண்ணும் முன் பங்கிட்டுக் கொடுப்பதே முறை.

வந்த தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பித் தருவதும் எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இதற்கு நான் கண்ட வழி, வாரக் கடைசியில் தோல் கறுத்துப் போன பாளையங்கோடன் வாழைப்பழங்கள். இரண்டு பழத்தை மசித்து, மூன்று மணி நேரம் ஊறிய ஒரு டம்ளர் பச்சரிசியோடு அரைத்து, 150 கிராம் கருப்பட்டியைக் குறைந்த நீரில் பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றி, நெய்யில் வறுத்த தேங்காய்த் துண்டும் சுக்கும் ஏலமும் சேர்த்து, இட்லி மாவுப் பதத்தில் இரண்டு மணி நேரம் வைத்து, குழியப்பக் காரையில் நெய்யும் தேங்காய் எண்ணெயும் பாதிப் பாதி ஊற்றிச் சிறு தீயில் சுட்டால் இருபது உண்ணியப்பம் வரும். முழுவதும் ஆறிய பிறகுதான் தூக்குவாளியில் அடுக்கி மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த நீர் சொட்டி, பாறசாலை போய்ச் சேர்வதற்குள் மேலடுக்கு நனைந்துவிடும்.